ஆணிக்கு எதுக்குங்க கிளி?

எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரு வியாதி, எந்தப் பொருளப் பாத்தாலும் மொதல்ல கை போயி தூக்கிப் பாக்கும். கல்யாண வீட்டுக்குப் போனா சீர்வரிசைல இருக்குற அண்டா எத்தன கிலோன்னு அப்பா கண்ணாலயே சொல்லிடுவாரு, கோயிலுக்குப் போனா சாமியப் பாக்குறதுக்கு முன்னாடி மேல தொங்குற மணியப் பாப்பாரு. நான் கிண்டல் பண்ணுவேன், ஆனா எனக்கும் அதேதான். பாத்திரக்கடைங்க நாங்க. கிருஷ்ணகிரி பழையபேட்டை பக்கம், தாத்தா ஆரம்பிச்சது, இப்ப அப்பாவும் நானும் பாத்துக்குறோம். பி.காம் முடிச்சுட்டு ஓசூர்ல ஒரு கம்பெனில ரெண்டு வருஷம் கணக்கு எழுதிட்டு இருந்தேன், அப்பாவுக்கு முட்டி வலி வந்ததும் திரும்பி வந்து கல்லாவுல உக்காந்தவதான், இன்னும் எந்திரிக்கல.

இப்ப எதுக்கு இதெல்லாம்னா, போன மாசம் அண்ணன் பொண்ணுக்கு ஸ்கூல்ல ஒரு வேலை குடுத்துட்டாங்க. ஏழாவது படிக்கிறா. ஏதாவது ஒரு மியூசியத்துக்குப் போயி, அங்க பாத்ததுல பத்து பொருளப் பத்தி எழுதி, படம் வரைஞ்சு எடுத்துட்டு வரணுமாம். அண்ணனுக்கு லீவு இல்ல, அண்ணிக்கு வெயில் ஆகாது, கடைசில அத்தை தலைல விடிஞ்சது. காந்தி ரோட்டுல நம்ம அரசு அருங்காட்சியகம் இருக்குல்ல, 1993ல ஆரம்பிச்சது, நான் உள்ள போனது ஸ்கூல்ல லைன் கட்டி கூட்டிட்டுப் போனப்ப ஒரே ஒரு தடவைதான். அந்த ரோட்டுல வாரத்துக்கு நாலு வாட்டியாவது ஸ்கூட்டில போறேன். மாசா மாசம் ஒரு பொருள எடுத்து இந்த மாச சிறப்புக் காட்சின்னு வைப்பாங்க, பேப்பர்ல வரும், அப்பா வாசிச்சுக் காட்டுவாரு, ஓஹோம்பேன், அதோட சரி.

உள்ள போன உடனே பாப்பா ஒரு நடுகல் முன்னாடி நின்னுட்டா. நின்னு நல்லா மேல கீழ பாத்துட்டு கேட்டா பாருங்க, "அத்தை, இது எத்தன கிலோ இருக்கும்?"

பரம்பரை வியாதின்னு சொன்னேன்ல.

சிரிச்சுட்டேன், ஆனா அவ கேட்டதால நானும் அந்தக் கல்லு கிட்டயே நின்னுட்டேன். நடுகல்லு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல, தருமபுரி கிருஷ்ணகிரில ஊருக்கு ஊரு கெடக்கு, வேடியப்பன்னு பேர் வெச்சு பொங்கல் வெச்சு கும்புடுறோம், எங்க ஆயா ஊர்லயே ஏரிக்கரைல ரெண்டு இருக்கு. ஆனா மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் பூசிப் பூசி மூஞ்சியே தெரியாத கல்லத்தான் இத்தன நாளா பாத்திருக்கேன், கழுவித் தொடச்சு லைட்டு வெளிச்சத்துல நிக்க வெச்சா வேற மாதிரி இருக்கு. ஒரு கைல வில்லு, இன்னொரு கைல வாளு, இடுப்புல சின்னதா ஒரு குத்துவாள் சொருகியிருக்கு, கொண்டை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. சண்டைல சாகப் போற ஆளு, இல்ல செத்தே போன ஆளு, அவன் கொண்டைய இவ்ளோ அழகா ஒரு பக்கமா சாய்ச்சு வெச்சிருக்கான் செதுக்குனவன். அப்புறம்தான் கால்கிட்ட பாத்தேன். கால் ஓரமா குட்டியா ஒரு மூக்கு வெச்ச சொம்பு.

நான் கடைல தினமும் தொடைக்கிற சாமான் மாதிரி இருக்கு! கெண்டின்னு சொல்வாங்க இத, பக்கத்துல இன்னொண்ணு சிமிழ் மாதிரி. நம்ம பக்கத்து நடுகல்லுங்கள்ல நிறைய கல்லுல இந்த ரெண்டும் இருக்கும், செத்துப் போன வீரனுக்கு வெக்கிற கள்ளு. இதுல ஒரு விசேஷம் என்னான்னா, நம்ம தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி செத்தப்ப ஔவையார் பாடினது புறநானூத்துல இருக்கு, நடுகல்லுக்கு மயில் தோகை சூட்டி சின்னக் கலத்துல கள்ள ஊத்தறாங்களே, ஒரு நாட்டையே குடுத்தாலும் வாங்காதவன் இத வாங்கிக்குவானான்னு கேட்டு அழற பாட்டு. பத்தாவதுல தமிழம்மா சொன்னப்ப கண்ணு கலங்குச்சு, ஆனா அந்த "சிறுகலம்"ங்கிற வார்த்தைய அப்ப நான் கவனிக்கவே இல்ல. இப்ப கல்லுல அந்த மாதிரி கலத்த நேர்ல பாக்குறேன், பாத்திரக்காரி கண்ணுக்கு இப்பதான் தெரியுது. மூக்கு எந்தப் பக்கம் வளையணும், வயிறு எவ்ளோ உப்பணும், கழுத்து எங்க சுருங்கணும், எல்லாம் சரியா இருக்கு. ஒரு சாண் கூட இல்லாத உருவம். பாத்திரத்தப் பக்கத்துல வெச்சுப் பாத்துத்தான் செதுக்கியிருப்பான்னு நான் பந்தயம் கட்றேன்.

பாப்பா நோட்டுல "1. நடுகல்"னு எழுதிட்டு கெண்டிய மட்டும் தனியா பெருசா வரைஞ்சா. எழுத்து இருக்குற பழைய நடுகல்லுல வட்டெழுத்துங்கிற அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துல யாரு, எந்த ராஜா ஆட்சில, எதுக்காக செத்தான்னு வெட்டியிருப்பாங்க, முக்காவாசி மாட்டுக் கதைதான், மாட்டு மந்தைக்கு "தொறு"ன்னு பேரு, தொறுவ மீட்டு "பட்டான்"னு முடியும். பட்டான்னா செத்துட்டான். இந்தக் கதைல எனக்கு ரொம்பப் பிடிச்சது செங்கம் பக்கம் எடுத்தனூர்ல இருக்குற கல்லுதான், அதுல மகேந்திரவர்மன் காலத்து எழுத்து, கோவிவன்னு ஒரு நாய், ரெண்டு திருடன்களக் கடிச்சு எசமான் பக்கத்துலயே காத்துட்டு இருந்துச்சாம், அந்த நாய் பேரையும் வெட்டி, நாயையும் செதுக்கி வெச்சுட்டாங்க. 1,400 வருஷமா ஒரு நாயோட பேரு கல்லுல நிக்குது. பாப்பாகிட்ட சொன்னேன், அவ நாயும் வேணும்னு அடம், இது இங்க இல்லடி செங்கத்துல இருக்குன்னா கேக்கவே இல்ல, கெண்டிக்குப் பக்கத்துல ஒரு நாய வரைஞ்சுட்டா. மிஸ்ஸு மார்க் கொறைச்சா நான் பொறுப்பு இல்ல.

அங்கருந்து என் மனசு ஐதராபாத்துக்குப் போயிடுச்சு. மூணு வருஷம் முன்னாடி சித்தி பொண்ணு கல்யாணம் அங்க. எங்க ஊர்ல ரயிலே கெடையாது, வெள்ளக்காரன் காலத்துல இருந்த லைனையும் புடுங்கிட்டுப் போயிட்டாங்க, அதனால பெங்களூர் போயி பஸ்ஸு. ஆனா நம்ம ஊரு நடுவுல போற அதே 44ம் நம்பர் ஹைவேதான் நேரா ஐதராபாத்துக்கும் போகுது. முகூர்த்தத்துக்கு மறுநாள் எல்லாரும் சார்மினாருக்கு வளையல் வாங்கப் போனாங்க, நானும் அப்பாவும் மட்டும் சாலார் ஜங் மியூசியம் போனோம், மூசி ஆத்துக்குத் தென்கரைல இருக்கு. அப்பாவுக்கு வளையல் கடைல நிக்க முட்டி ஒத்துக்காது, அதான் காரணம், கலை ஆர்வம் எல்லாம் ஒண்ணும் இல்ல. அங்க போயி நாலு மணி நேரம் நடந்தாரு, அப்ப முட்டி எங்க போச்சுன்னு தெரியல.

அந்த மியூசியத்தோட கதை என்னன்னா, முக்காவாசி ஒரே ஒரு மனுஷன் வாங்கிக் குவிச்சது. மூணாவது சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான், 1912லருந்து 1914 வரைக்கும் நிஜாமுக்கு திவானா இருந்தவரு, பதவிய விட்டுட்டு மிச்ச வாழ்க்கை பூரா பொருள் வாங்குறதே வேலை. கல்யாணமும் பண்ணிக்கல. 1949ல செத்துட்டாரு, வாரிசு இல்ல, வீடு பூரா சாமான். 1951 டிசம்பர் 16 அன்னைக்கு அவரு அரண்மனையிலயே நேரு வந்து மியூசியமா திறந்து வெச்சாரு, இப்ப இருக்குற கட்டடத்துக்கு 1968ல மாத்துனாங்க. 43,000க்கு மேல கலைப்பொருள்னு கணக்கு சொல்றாங்க. எங்க கடைல ஸ்டாக் எடுக்க ரெண்டு பேரு மூணு நாள் உக்காருவோம், நாலாவது நாள் எனக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது, 43,000த்துக்கு ஸ்டாக் எடுத்த புண்ணியவான் யாரோ.

எல்லாரும் போயி பாக்குறது முக்காடு போட்ட ரெபெக்கா, பென்சோனின்னு இத்தாலிக்காரரு செதுக்குன பளிங்குச் சிலை, 1876ல இவரோட தாத்தா, மொதலாவது சாலார் ஜங், ரோம்ல வாங்கினது. மூஞ்சி மேல மெல்லிசுத் துணி, துணிக்கு அடியில மூஞ்சி தெரியுது, ரெண்டும் ஒரே கல்லு. அப்பா ரொம்ப நேரம் பாத்துட்டு "ஈரத்துணி"ன்னு ஒரே வார்த்த சொல்லிட்டு நகந்துட்டாரு. அப்புறம் ஒரு மரச்சிலை, முன்பக்கம் தலைய நிமித்திட்டு நிக்கிற பிசாசு, பின்பக்கம் தலை குனிஞ்ச ஒரு பொண்ணு, ஜெர்மன் நாடகம் ஒண்ணுல வர்ற ஜோடி, பின்னாடி கண்ணாடி வெச்சிருக்கறதால ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கலாம், ஒரே மரத்துண்டு. கடிகாரத்துக்கு முன்னாடி கல்யாணக் கூட்டம் மாதிரி கூட்டம், மணி அடிக்கிற நேரத்துக்கு உள்ளருந்து குட்டி மனுஷன் வந்து அடிச்சுட்டுப் போவான், பன்னெண்டு அடிக்கும்போதுதான் ரொம்பக் கூட்டம். எனக்கு அதவிட இன்னொரு பொம்மை பிடிச்சது, கொல்லரு, சுத்தியலால செகண்டுக்கு ஒரு அடி அடிச்சுட்டே இருப்பாரு. மணிக்கு ஒரு தடவ வர்றவனுக்குத்தான் கைத்தட்டல். இவரு பாட்டுக்கு வேல செஞ்சுட்டே இருக்காரு, யாரும் பாக்கல.

சீனத்துப் பீங்கான், பச்சைக்கல் பிடி போட்ட ஜஹாங்கீர் கத்தி நூர்ஜஹான் கத்தி, கைத்தடி, கம்பளம், தந்தத்துல நாற்காலி, ரூம் ரூமா போகுது. உண்மைய சொன்னா பாதிக்கு மேல கண்ணு மரத்துப் போச்சு. பீங்கான் ரூம்ல ஒரே மாதிரி தட்டு முப்பது பாத்தப்புறம் எல்லாம் ஓட்டல் தட்டு மாதிரி ஆயிடுச்சு எனக்கு, தப்புதான். பித்ரி ரூமுக்குள்ள போனதும் தூக்கம் கலைஞ்சது.

பித்ரின்னா பீதர் ஊருல செய்யிற வேலை, கர்நாடகால இருக்கு. மை மாதிரி கருப்பு, அது மேல வெள்ளி. ஹூக்கா அடி, கெண்டி, தட்டு, வெத்தலைப் பெட்டி. அப்பா கண்ணாடிகிட்ட மூஞ்சிய ஒட்டிட்டு "இது என்ன மெட்டல்ரா"ன்னு கேட்டாரு. அவருக்கு சந்தோஷம் அதிகமானா என்னையும் "டா" போடுவாரு. அங்க எழுதி வெச்சிருந்தத வாசிச்சு சொன்னேன், அப்புறம் வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படிச்சேன். பித்தளைல செம்பு ஜாஸ்தி துத்தநாகம் கம்மி, இது அப்படியே தலைகீழ், துத்தநாகம்தான் முக்காவாசிக்கு மேல, செம்பு கொஞ்சூண்டு. மண்ணு அச்சுல வார்த்து எடுத்து, வழவழன்னு அரம் போட்டு, மயில்துத்தம் கரைச்ச தண்ணிய தேச்சா மேலாக்க கருக்கும், அந்தக் கருப்பு தற்காலிகம், கோடு போட்டா பளிச்சுன்னு தெரியறதுக்காக. உளியால பூவும் கொடியும் வெட்டி, வெட்டுன பள்ளத்துல வெள்ளிக் கம்பிய, வெள்ளித் தகட்ட சுத்தியலால மெதுவாத் தட்டித் தட்டி உக்கார வெப்பாங்க. திரும்ப அரம் போட்டு சமமாக்கினா கருப்பும் போயிடும், எது வெள்ளி எது துத்தநாகம்னே தெரியாது, எல்லாம் ஒரே வெளுப்பு. கடைசிலதான் விஷயம் இருக்கு, பீதர் கோட்டைக்குள்ளருந்து பழைய மண்ணு எடுத்து, நவச்சாரத்தோட கலந்து சூடு பண்ண சாமான் மேல தேய்ப்பாங்க, துத்தநாகம் மட்டும் கன்னங்கரேல்னு ஆயிடும், வெள்ளிக்கு ஒண்ணும் ஆகாது. நல்ல மண்ணான்னு நாக்குல வெச்சு ருசி பாத்து எடுப்பாங்களாம்.

நவச்சாரம்னதும் நிமிந்து பாத்தேன். அது நம்ம சாமான்! ஈயம் பூச வர்ற பாய் சாக்குல கட்டி வெச்சிருப்பாரே, அடுப்புல சாமானச் சுட வெச்சு அந்தப் பொடிய ஒரு சிட்டிகை தூவுனா குபுகுபுன்னு வெள்ளப் புகை வரும், எங்களுக்கெல்லாம் இருமல் வரும், பஞ்சால ஒரு தொடை, ஈயத்த ஒரு இழுப்பு, பித்தளைக்குள்ள வெள்ளியா ஓடும். சின்ன வயசுல அந்தப் புகைக்குப் பக்கத்துல நின்னு எத்தன திட்டு வாங்கியிருக்கேன். ஊருக்கு வந்து பாய்கிட்ட போன்ல போட்டோ காட்டி இந்தக் கதைய சொன்னேன். அவரு போன தூரமா புடிச்சு, கிட்ட புடிச்சு, கண்ணாடியக் கழட்டிப் பாத்துட்டு சொன்னாரு, "நான் வெளுக்குறதுக்குப் போடுறேன் பாப்பா, அவன் கருக்குறதுக்குப் போட்டிருக்கான், கில்லாடிப் பையன்." நூறு இருநூறு வருஷத்துக்கு முன்னாடி செத்துப் போனவர, ஏதோ பக்கத்து தெரு பட்டறைல வேல செய்யிற பையன் மாதிரி.

சரி, அந்த ரூம்ல ஒரு வெத்தலைப் பெட்டி இருந்துச்சுன்னு சொன்னேன்ல. அதப் பாத்ததும் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. ஏன்னா அதுக்கும் ரெண்டு மூணு வருஷம் முன்னாடி, கல்லாவுல நான் புதுசு, காவேரிப்பட்டணம் பக்கத்துலருந்து ஒரு ஆயா வந்துச்சு, பையில பழைய பித்தளை. பழசு போட்டு புதுசு எடுக்கிறது எங்க கடைல தினமும் நடக்குறதுதான், எடை போட்டு, ஈயப்பத்து, இரும்புப் பிடி, அழுக்குன்னு கழிச்சு, மிச்சத்துக்கு ரேட்டு. ரெண்டு சொம்பு, ஒரு குண்டான், ஒரு வெத்தலைப் பெட்டி. பெட்டி உள்ளங்கை ரெண்டையும் சேத்து வெச்ச அளவு இருக்கும், உள்ள வெத்தலைக்கு ஒரு அறை, பாக்குக்கு ஒண்ணு, சுண்ணாம்புக்கு குட்டியா மூடி போட்ட டப்பி. மூடில மயிலு. மயிலு சாதாரணம், அந்தக் காலத்து பெட்டில எல்லாம் மயிலு இருக்கும். ஆனா மூடியையும் பெட்டியையும் சேக்குற கீல்ல ஒரு ஆணி, அத வெளிய இழுத்தா மூடி தனியா வந்துரும், கழுவறதுக்கு வசதியா. அந்த ஆணியோட தலை ஒரு கிளி. கடுகுக்குப் பெரிய அண்ணன் அவ்ளோதான் இருக்கும், ஆனா மூக்கு வளைஞ்சு, ரெக்க மடிச்சு, கண்ணுக்கு ஒரு புள்ளி குத்தி.

பெட்டிக்குப் பின்னாடி, கீல் பக்கம், யாரும் பாக்காத எடத்துல.

அழகா இருக்கேன்னு நான் நெனச்சேன், அது நல்லா ஞாபகம் இருக்கு. நெனச்சுட்டு தராசுல போட்டேன். ஒரு கிலோ முந்நூறு. கிளியும் எடைல சேத்திதான். அந்த ஆயா அஞ்சு லிட்டர் குக்கர் எடுத்துட்டு, விசில் தனியா ஒண்ணு சும்மா குடுன்னு கேட்டு வாங்கிட்டு சந்தோஷமா போச்சு, அத நான் தப்பு சொல்லவே மாட்டேன், அதுக்கு குக்கர்தான் தேவ, வெத்தல போடுற மனுஷன் வீட்ல இல்ல. மாசக் கடைசில பழைய பித்தளை மூட்டை லாரில ஏறுச்சு. போனா உருக்கிடுவாங்க. அந்தக் கிளி இப்ப எந்த வீட்டுக் குழாயில திருகா இருக்கோ, எந்த கதவுக்குக் கொண்டியோ.

ஐதராபாத்ல அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னுட்டு இத அப்பாகிட்ட சொன்னேன். அவரு ஒண்ணும் பேசல. கொஞ்ச தூரம் நடந்து போயிட்டு, "நான் என் காலத்துல எத்தன லாரி அனுப்பியிருப்பேன் தெரியுமா"ன்னாரு. அதுக்கப்புறம் டீ குடிக்கிற வரைக்கும் பேச்சு இல்ல.

எனக்கு அன்னிலருந்து ஒரே கேள்விதான், ஆணிக்கு எதுக்குங்க கிளி? ஆணி வெறும் ஆணியா இருந்தாலும் மூடி நிக்கும். வாங்குறவன் கிளி வேணும்னு கேட்டிருக்க மாட்டான், கிளிக்குத் தனியா கூலி குடுத்திருக்கவும் மாட்டான்னுதான் நெனைக்கிறேன், எங்க தொழில்ல அப்படி யாரும் குடுத்து நான் பாத்ததில்ல. பட்டறைல உக்காந்து பெட்டி முடிச்சாச்சு, ஆணி ஒண்ணுதான் பாக்கி, பொழுது சாயுது, வீட்டுக்குப் போலாம், அப்பவும் அந்த மனுஷன் ஒரு மணி நேரம் உக்காந்து கிளி மூக்க அரத்தால வளைச்சிருக்கான். நடுகல்லுல கொண்டைய சாய்ச்சவனும் இவனுக்கு ஒரு வகைல சொந்தக்காரன்தான், கெண்டிக்கு மூக்கு சரியா வெச்சவனும். மியூசியத்துல ராஜா சாமான், சாமி சாமான் எல்லாத்துலயும் வேலைப்பாடு இருக்கும், அது இருந்துதான் ஆகணும், காசு குடுத்து செய்ய சொன்னது. எனக்கு இழுக்கறது வேற, பாக்குவெட்டிக்கு அன்னம் மாதிரி கழுத்து, அருவாமணைக்கு தலை, தேங்கா துருவிக்கு குதிரை மூஞ்சின்னு அடுப்படி சாமான்ல இருக்கே, அது.

நம்ம மியூசியத்துல அன்னிக்கு பானைங்க முன்னாடியும் ரொம்ப நேரம் நின்னோம். நம்ம பக்கத்துல கல்திட்டை, ஈமக்குழின்னு எங்க தோண்டுனாலும் கருப்பு சிவப்புப் பானை வரும், உள்ள கருப்பு, வாய்ப்பக்கமும் கருப்பு, வெளிய செவப்பு. ரெண்டு சாயம் இல்ல, ஒரே மண்ணு ஒரே சூளை, பானையக் கவுத்து வெச்சு சுட்டா உள்ள காத்து போகாம கருக்கும், வெளிய காத்து பட்டு செவக்கும்னு சொல்றாங்க. இங்கயும் பாருங்க, கருக்குறதுக்கே ஒரு வித்தை. மயிலாடும்பாறைல கெடச்ச இரும்பு 4,200 வருஷம் பழசுன்னு 2022ல சட்டசபைல சொன்னாங்களே, அதுவும் நம்ம மாவட்டம்தான், அன்னிக்கு அப்பா பேப்பர வாசிச்சுட்டு "பழைய இரும்பு"ன்னு சொல்லி அவரே சிரிச்சுக்கிட்டாரு. பாப்பா பானைய வரைஞ்சா, கருப்புக்கு பென்சில், செவப்புக்கு கலர் இல்லன்னு என் பையில இருந்த குங்குமத்த எடுத்துப் பூசிட்டா. நோட்டு பூரா குங்குமம். அண்ணி என்னத்தான் திட்டுனாங்க.

பத்துப் பொருள் எழுதணும்ல, ஒம்போதுதான் ஆச்சு, வெயில், பசி, ஐஸ்கிரீம். பத்தாவதுக்கு நம்ம கடைல இருக்குறத எழுதலாமா அத்தைன்னு கேட்டா. கடை மியூசியம் இல்லடின்னேன். "நீ தான் அலமாரில வெச்சிருக்கியே"ன்னா.

அந்த அலமாரிய சொல்லணும். ஐதராபாத்லருந்து வந்ததும் கல்லாவுக்குப் பின்னாடி ஒரு அலமாரிய காலி பண்ணேன், பழைய பித்தளைல வர்றதுல மனசு கேக்காதத மட்டும் அதுல எடுத்து வெக்கிறது. எடைக்கு உண்டான காசு என் சம்பளத்துலருந்து கடைக்கு, அது அப்பா போட்ட கண்டிஷன். பாக்கப் போனா நியாயம்தான். மூணு வருஷத்துல பதினோரு உருப்படி. அடிச்ச தடம் ஒவ்வொண்ணும் மீன் செதில் மாதிரி தெரியிற ஒரு செம்புத் தவலை, கைப்பிடி பாம்பா வளைஞ்ச ஒரு கரண்டி, திருகு மூடி போட்ட கூஜா, ஒரு பக்கம் தேஞ்சு போன மாட்டுக் கழுத்து மணி. கூஜால பேர் வெட்டியிருக்கு. பேர் வெட்டுறது தெரியும்ல, இப்ப மெஷின்ல டர்ருன்னு புள்ளி புள்ளியா அடிச்சுடறோம், அப்ப எங்க கடை வாசல்ல ஒரு தாத்தா உக்காந்து உளியால தட்டுவாரு, எழுத்து ஒவ்வொண்ணும் கொக்கி போட்ட மாதிரி இருக்கும். இதுல ஒரு பொம்பளப் பேரு, அடியில 12.6.58னு தேதி, பேரோட கடைசி எழுத்துக்கு எடம் பத்தாம கீழ எறங்கி வளைஞ்சு போகுது, அந்த வளைவ சமாளிக்க ஒரு பூவப் போட்டு முடிச்சிருக்காரு. தப்பு பண்ணிட்டு பூ போட்டு மறைச்ச அந்த எடம்தான் அந்தக் கூஜாவுலயே அழகு. கல்யாணத் தேதியா இருக்கணும், வைகாசி முகூர்த்தம். அந்தம்மா பேர இங்க போடல, அவங்க வீட்டு ஆளுங்க யாராவது இத வாசிச்சா கடைக்கு வாங்க, தேதி சொன்னீங்கன்னா போதாது, நான்தான் சொல்லிட்டேனே, பேரு சொல்லணும்.

பாப்பா பத்தாவதா அந்தக் கூஜாவ எழுதிட்டா. கிடைத்த இடம்: எங்க கடை. எடை: ரெண்டு கிலோ நூறு. எடை போட்டுட்டுதான் எழுதியிருக்கா கழுத. மிஸ்ஸு எட்டு மார்க் போட்டாங்க, நாய்க்கு ஒண்ணு போச்சு, குங்குமத்துக்கு ஒண்ணு போச்சுன்னு நெனைக்கிறேன்.

அப்பா அலமாரி பக்கமே பாக்க மாட்டாரு, எடம் அடைக்குது, அந்த எடத்துல பன்னெண்டு தூக்குவாளி அடுக்கலாம்னு வாரம் ஒரு தடவ சொல்லுவாரு. போன சனிக்கிழமை பெங்களூர்லருந்து ஒரு பையனும் பொண்ணும், ஊருக்கு வந்திருக்காங்க போல, தோசக்கல்லு வாங்க வந்தவங்க, அந்தப் பையன் கூஜாவப் பாத்துட்டான். இதுல மணி பிளான்ட் வெச்சா செமையா இருக்கும், எவ்ளோண்ணான்னு அப்பாகிட்ட கேட்டான். நான் உள்ள குடோன்ல இருந்தேன், வெளிய வந்து அது விக்கிறதுக்கு இல்லப்பான்னு சொல்ல வாயத் தொறக்கறேன், அவன் விடல, எவ்ளோ வேணும்னாலும் குடுக்கறேன், விக்கலன்னா அப்புறம் எதுக்கு கடைல வெச்சிருக்கீங்கன்னு கேக்கறான். நியாயமான கேள்வி, எனக்கு பதில் வரல.

அப்பா தோசக்கல்லுக்கு பில் போட்டுட்டே தலைய நிமித்தாம சொன்னாரு, "அது மியூசியம் தம்பி. பாக்கறதுக்கு அஞ்சு ரூவா."

அந்தப் பையன் சிரிச்சுட்டே எடுத்து நீட்டினான், அப்பாவும் வாங்கி கல்லாவுல போட்டுட்டாரு.